போல்ட்டின் தலையெழுத்து

மனிதனுடைய தலையெழுத்தைப் படித்துச் சொல்வதாகக் கூறுவோர் நம் நாட்டில் பலர் உளர். போல்ட்டின் தலையெழுத்தைப் படிப்போரோ மிகச் சிலரே. முன்னது படிக்கத்தக்கதுதானா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பின்னதை எண்ணறிந்த சிறுவனும் படித்துவிடலாம். ஓர் எஃகுப் போல்ட்டு எவ்வளவு இழுவிசையைத் தாங்கும், எந்த அளவில் நிலையாக நீண்டுவிடும் என்னும் இரு செய்திகளையும் அதன் தலைமீது பொறித்துள்ள இரண்டு எண்கள் ஒளிவு மறைவின்றிக் கூறிவிடுகின்றன. அவ்வெண்களைப் பாராமலே போல்ட்டை வாங்குவதும் முடுக்குவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. உயிர் காக்கும் பொருட்டுப் பொருத்தப்படும் உறுப்புகளிலேனும் இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

டில்லியில் மோட்டார் உதிரி உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற இடம் காஷ்மீரி கேட். போல்ட்டு வாங்க வருவோர் அங்கே பெரும்பாலும் கேட்பவை இரண்டே: பருமன் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்பன. பழைய போல்ட்டைக் கையில் கொண்டு வந்து, “இதுபோல் ஒன்று கொடுங்கள்” என்பாரும் உண்டு. கடைக்காரர் தட்டிலிருந்து பொறுக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மரை ஒத்தால் விற்பனை முடிந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மாயாபுரியிலும் நிலைமை இதுவே. 2010-ஆம் ஆண்டில் அதே மாயாபுரியில், வெறும் பழைய இரும்பு என்று எண்ணிப் பிரித்த கருவியொன்றினுள் கதிரியக்கக் கோபால்ட்-60 இருந்ததால் பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். உலோகத்தின் தோற்றம் அதன் உள்ளியல்பைக் காட்டாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. போல்ட்டுகளில் கதிரியக்கம் இல்லை; ஆனால் வலிமை இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குப் புலனாகாமை அங்கும் உண்டு.

‘ரோல் பார்’ என வழங்கும் கவிழ்காப்புச் சட்டகம் இவ்வுண்மையை விளக்க மிகவும் ஏற்றது. வளைத்த எஃகுக் குழாயாலான வளைவு அது. வண்டி தலைகீழாகக் கவிழும்போது அதன் பாரத்தைத் தான் ஏற்று, ஓட்டுநரைச் சூழ்ந்துள்ள இடம் நசுங்காமல் காப்பது அதன் பணி. பந்தயக் கார்களிலும் திறந்த ஜீப்புகளிலும் இதனைக் காணலாம். களப்பணியாளர்க்கு மிகவும் நெருங்கிய எடுத்துக்காட்டு டிராக்டரேயாகும். பாரமான கலப்பையோ சேற்றில் புதைந்த சுமையோ பின்னின்று இழுக்க, டிராக்டரின் முன்பாகம் எழும்பிப் பின்புறமாகக் கவிழ்ந்து முடிவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடியே போதுமானது. அந்நேரத்திற்குள் எவரும் குதித்துத் தப்ப இயலாது. அப்போது ஓட்டுநருக்கும் நிலத்திற்கும் இடையே நிற்பது அச்சட்டகம் ஒன்றே.

இதன் பயனை முதலில் தெளிவாகக் கண்ட நாடுகளுள் ஸ்வீடன் ஒன்று. 1959-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் புதிய டிராக்டர்கள் யாவும் இச்சட்டகத்துடனேயே விற்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதன் பின்னர் அங்கே டிராக்டர் கவிழ்ந்து நேரும் மரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, ஏறக்குறைய அற்றே போயின. இத்தகைய சட்டகங்களின் உறுதியைச் சோதிப்பதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு வகுத்துள்ள சர்வதேச விதிமுறைகளில் இந்தியாவும் பங்கு கொண்டுள்ளது. நம் நாட்டிற்கென ஐ.எஸ். 11821 என்னும் தரநிர்ணயம் உண்டு. மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் டிராக்டர் சோதனைக்கென மத்திய அரசின் நிலையமும் உண்டு. எனினும் நம் வயல்களில் உழும் டிராக்டர்களில் பல இச்சட்டகம் அற்றவை. பின்னர் விலைக்கு வாங்கிப் பொருத்துவோரும், கழற்றி மீண்டும் பூட்டுவோரும் போல்ட்டுகளைத் தாமே தேர்ந்தெடுக்கின்றனர். இடர் தொடங்குமிடம் அதுவே.

சட்டகத்தைச் சோதனை நிலையத்தில் அழுத்தியும் மோதியும் பார்க்கும்போது அதனைத் தாங்குபவை உற்பத்தியாளர் குறித்த போல்ட்டுகள். கிராமத்துப் பட்டறையில் அவற்றுக்குப் பதிலாக வேறு போல்ட்டுகள் புகுத்தப்படின், சோதனையில் தேறிய சட்டகம் ஒன்று, வயலில் நிற்கும் சட்டகம் மற்றொன்று என்றாகிவிடும். வண்டி பக்கவாட்டில் உருளும்போது சட்டகத்தின் ஒரு கால் தளத்தை அழுத்துகிறது. மறுகால் தளத்தினின்று பிய்த்துக்கொண்டு மேலெழ முயல்கிறது. அக்காலைப் பிடித்து நிறுத்துவன மூன்று நான்கு போல்ட்டுகளே. அவை அறுந்தால், குழாய் எத்துணை வலியதாயினும் பயனில்லை. தன்னைக் காக்க ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையால் ஓட்டுநர் மேலும் துணிவாகச் செல்லக்கூடுமாதலால், பலமற்ற போல்ட்டால் பொருத்திய சட்டகம் சட்டகமே இல்லாத நிலையினும் தீயது என்று கூறினும் மிகையாகாது.

இனித் தலையெழுத்தைப் படிக்கும் முறையைக் காண்போம். எஃகுப் போல்ட்டுகளின் இயல்புகளை நம் நாட்டில் வரையறுப்பது ஐ.எஸ். 1367 என்னும் பல பாகங்கள் கொண்ட தரநிர்ணயம். அதன்படி தலையில் 8.8 என்றிருந்தால், புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்க வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையில் அது அறும் என்பது பெயரளவிலான மதிப்பு. புள்ளிக்குப் பின்னுள்ள எண் பத்தில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 800-இல் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 நியூட்டனில், அது மீளாதபடி நீளத் தொடங்கும். இவ்வாறே 4.6 என்பது 400-உம் 240-உம் ஆகும்; 10.9 என்பது 1000-உம் 900-உம் ஆகும். இதற்கு மேற்பட்ட கணிதம் எதுவும் தேவையில்லை.

எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் மரைப்பகுதியில் விசையைத் தாங்கும் பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர். 8.8 வகுப்பினதாயின் அது ஏறக்குறைய 29,000 நியூட்டன், அதாவது மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான பாரத்தில் அறும். 4.6 வகுப்பினதாயின் அதில் பாதியே. மேலும் உற்றுநோக்கின் வேற்றுமை இன்னும் பெரிது: முன்னது நிலையாக நீளத் தொடங்குவது 23,400 நியூட்டனில்; பின்னதோ 8,800 நியூட்டன் அளவிலேயே நீண்டு தளர்ந்துவிடும். இரண்டும் ஒரே பருமன், ஒரே மரை, ஒரே ஸ்பானருக்கு அடங்கும் தலை. துத்தநாகப் பூச்சும் இரண்டிலும் ஒன்றுபோலவே மின்னும். ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவது தலைமேலுள்ள எண் மட்டுமே. எண்ணே இல்லாத போல்ட்டைப் பற்றி நாம் அறிந்தது ஒன்றுமில்லை. எனவே பாரம் தாங்கும் இடத்திற்கு அது தகுதியற்றதென்று ஒதுக்குவதே முறை.

எண்ணைப் படிக்கத் தெரிந்தோரும் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, அமெரிக்க முறைக் குறிகள். அங்குல அளவுப் போல்ட்டுகளின் தலையில் எண்களுக்குப் பதில் கோடுகள் இருக்கும். மூன்று கோடு ஐந்தாம் தரம். ஆறு கோடு எட்டாம் தரம். இந்த எட்டாம் தரமும் 8.8-உம் ஒன்றல்ல. 8.8-க்கு நெருங்கியது ஐந்தாம் தரம். எட்டாம் தரம் 10.9-ஐ ஒட்டியது. இரண்டாவது, துருப்பிடிக்காத எஃகு. பளபளப்பும் விலையும் மிகுந்திருப்பதால் வலிமையும் மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 என்னும் வகை 700 நியூட்டனில் அறும். 450 நியூட்டனிலேயே நிலையாக நீளத் தொடங்கும். ஆகவே 8.8-க்கு அது ஈடாகாது. மூன்றாவது, மரைக் குழப்பம். ஜோசப் விட்வொர்த் 1841-ஆம் ஆண்டில் முன்மொழிந்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 பாகை. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் நாம் மெட்ரிக் முறையை ஏற்ற பின்னரும் அங்குல மரைகள் முற்றும் மறைந்துவிடவில்லை. மெட்ரிக் கார்களிலுங்கூட இருக்கைவாரைப் பிணைக்கும் போல்ட்டு உலகெங்கும் பெரும்பாலும் பதினாறில் ஏழு அங்குல அளவினதாகவே உள்ளது. ஒரு மரை மற்றொரு மரையில் ஓரிரு சுற்று ஏறிப் பின் இறுகும். அவ்விறுக்கத்தை நல்ல பிடிப்பு என்று மயங்கி ஸ்பானரை மேலும் திருப்புவோர் மரையையே அழித்துவிடுகின்றனர்.

“இருபது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்ணுக்கு எண் எதற்கு?” என்று கேட்கப்படுவதுண்டு. இவ்வினாவிற்கு விடையை 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் நிகழ்ந்த விபத்தே அளித்துவிட்டது. பிர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானமொன்று 17,000 அடிக்கு மேல் உயர்ந்தபோது முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானத் தலைவரின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறங்கினார். வியக்கத்தக்கவாறு அனைவரும் உயிர் பிழைத்தனர். புறப்படுவதற்கு முன்பு அக்கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் விட்டத்தில் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சிறுத்திருந்தன. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. அவற்றைத் தேர்ந்தவர் கைத்திறன் அற்றவரல்லர். அனுபவம் வாய்ந்த மேற்பார்வையாளர். உறுப்புப் பட்டியலைப் பாராமல், கழற்றிய பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டார். அப்பழைய போல்ட்டே முன்பு தவறாகப் பொருத்தப்பட்டது என்பது பின்னரே தெரிய வந்தது. “இதுபோல் ஒன்று கொடுங்கள்” என்று கேட்பது எத்துணை அபாயமானது என்பதை இதனினும் தெளிவாக விளக்க முடியாது.

“அப்படியாயின் கிடைப்பவற்றுள் மிக வலியதையே எங்கும் போட்டுவிடலாமே” என்பது இதற்கு நேர் எதிரான தவறு. எஃகின் வலிமை கூடக் கூட அதன் வளைந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. மேலும் மின்பூச்சின்போதோ ஈரத்தாலோ எஃகினுள் புகும் ஹைட்ரஜன், மிகு வலிமையுள்ள போல்ட்டை நொறுங்கும் இயல்பினதாக்கிவிடும். 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸான் பிரான்சிஸ்கோ - ஓக்லண்டு புதிய பாலத்தில் முடுக்கப்பட்ட 96 பெரிய எஃகுத் தண்டுகளுள் 32 தண்டுகள் சில நாள்களுக்குள் முறிந்தன. காரணம் இந்த ஹைட்ரஜன் நொறுங்கலே. ஆகவே 8.8 குறித்த இடத்தில் 12.9 போடுவது பெருந்தன்மையன்று, அறியாமை. உற்பத்தியாளர் எதனைக் குறித்தாரோ அதனையே இடுவது அறிவுடைமை.

மோட்டார் பந்தயங்களுக்கான சர்வதேசச் சம்மேளனத்தின் விதிகள் இவ்வகையில் நல்ல வழிகாட்டி. போல்ட்டால் பொருத்தும் பிரதானச் சட்டகத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று போல்ட்டுகள் வேண்டும். அவை எட்டு மில்லிமீட்டருக்கும் 8.8 வகுப்புக்கும் குறையலாகா. தானே கழலாத நட்டோ பூட்டு வாஷரோ உடனிருத்தல் வேண்டும். காரின் தளத்தில் மூன்று மில்லிமீட்டர் கனமும் 120 சதுர செண்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு துணை நிற்றல் வேண்டும். தகட்டைப் பற்றிய விதி முதன்மையானது. காரின் தளத்தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. நல்ல போல்ட்டும் சிறிய வாஷரும் மட்டும் இருப்பின், போல்ட்டு அறாது. ஆனால் தளத்தைக் கிழித்துக்கொண்டு முழுதாகவே வெளிவந்துவிடும்.

நட்டும் போல்ட்டுக்கு இணையான வகுப்பினதாக இருத்தல் வேண்டும், 8.8 போல்ட்டுக்கு எட்டாம் வகுப்பு நட்டு. இரு தகடுகள் ஒன்றன்மீதொன்று வழுக்க முயலும் இடத்தில் மரைப்பகுதி வராமல், மழுமழுப்பான தண்டுப் பகுதி வருமாறு நீளத்தைத் தேர்தல் நன்று. முடுக்கும் அளவும் கருதத்தக்கது. எட்டு மில்லிமீட்டர், 8.8 போல்ட்டுக்கு முறுக்குவிசை ஏறக்குறைய 25 நியூட்டன்-மீட்டர். அதாவது 25 செண்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் பத்துக் கிலோகிராம் பாரம். ஸ்பானரில் குழாயைச் செருகி முழுப்பலத்துடன் முடுக்குவோர் போல்ட்டை விபத்துக்கு முன்னரே பாதி அறுத்துவிடுகின்றனர். எண்ணெயிட்ட மரையில் உராய்வு குறைவதால், அதே முறுக்கு இன்னும் மிகுதியான இழுவிசையை உண்டாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் கூறியது, சாலையில் ஓடும் ஒவ்வொரு காரிலும் ஜீப்பிலும் இச்சட்டகத்தைப் பொருத்தலாம் என்று ஊக்குவதற்கன்று. பந்தயக்காரர் தலைக்கவசமும் பலமுனை இருக்கைவாரும் அணிந்தவர். அவையின்றி அமர்ந்திருப்பவரின் தலை சாதாரண மோதலிலேயே அக்குழாயில் இடித்துப் பிளக்கக்கூடும். அன்றியும், உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அழகுக்காகப் பொருத்தும் வளைவுகளுக்கு எந்தப் போல்ட்டு தக்கது என்று ஆராய்வதைவிட அவற்றைப் பொருத்தாதிருப்பதே மேல். டிராக்டரின் நிலை வேறு: அங்கே உற்பத்தியாளரே அளிக்கும் அல்லது ஏற்கும் சட்டகம் வேண்டும், இருக்கைவாரும் உடன் வேண்டும். சட்டகத்தில் புதிய துளை இடுதலும், பற்றவைத்தலும், ஒருமுறை கவிழ்ந்ததை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துதலும் விலக்கத்தக்கன.

“தலையில் எண் இருந்தாலும் அது பொய்யாக இருந்தால்?” என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்காவில் 1980-களில் தரம் குறைந்த எஃகாலான போல்ட்டுகள் எட்டாம் தரக் குறியுடன் மிகுதியாகப் புழங்கியமையால்தான் 1990-ஆம் ஆண்டில் போல்ட்டின் தரத்திற்கெனவே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. எனவே எண்ணோடு நின்றுவிடாமல், உற்பத்தியாளரின் அடையாளக் குறியும் தலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். உயிர்காப்பு உறுப்புக்குரிய போல்ட்டை உதிரியாக அன்றி, உறை பிரிக்கப்படாத பெட்டியிலிருந்தே பெற வேண்டும். இரசீதும் கேட்க வேண்டும். விலை சற்று மிகும் என்பது உண்மையே. ஆனால் ஒரு சட்டகத்திற்கு வேண்டுவது ஒரு டஜன் போல்ட்டுகள். டிராக்டரின் விலைக்கும் ஓட்டுநரின் உயிருக்கும் முன்னே அவ்விலை வேற்றுமை எம்மாத்திரம்?

1947-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியத் தரநிர்ணய நிலையமும், அதன் வழிவந்து டில்லி மானக் பவனில் இயங்கும் இந்தியத் தரநிர்ணய அமைவனமும் தம் பணியைத் தாள்களில் செய்து வைத்துள்ளன. அத்தாள்களிலுள்ளதைக் கிராமத்துப் பட்டறை வரை கொண்டு செல்வது களப்பணியாளரின் கடமை. தொழிற்பயிற்சி மாணவனின் கைப்பழக்கமாக மாற்றுவது ஆசிரியரின் கடமை. டிராக்டர் முகாம்களில் எண்ணெய் மாற்றுவதையும் வடிகட்டியைத் துடைப்பதையும் செய்து காட்டும் பணியாளர், சட்டகத்தின் கால்களில் உள்ள போல்ட்டுத் தலைகளைத் துடைத்து எண்களை உரக்கப் படித்துக் காட்ட ஐந்து நிமிடமும் ஆகாது. எண்ணற்றதையும், கைப்புத்தகத்தில் குறித்த வகுப்புக்கு மாறானதையும் அங்கேயே சுட்டிக்காட்டலாம். ஆசிரியர், பலவகைப் போல்ட்டுகள் கலந்த தட்டு ஒன்றை வகுப்பில் வைத்து, எண்ணைப் படிக்கவும், வெர்னியரால் விட்டத்தை அளக்கவும், மரை அளவியால் மரையை ஒப்பிடவும், தாங்கும் பாரத்தைக் கணக்கிடவும் மாணவரை ஏவலாம். இயற்பியல், கணிதம், தொழிற்கல்வி மூன்றும் அத்தட்டில் ஒருங்கே அடங்கியுள்ளன.

பெரிய இயந்திரங்களை வியந்து நோக்கும் நாம் அவற்றைக் கோத்து நிறுத்தும் சிறிய உறுப்புகளை மதியாமலிருப்பது நம் கல்வியின் குறையே. வண்டி கவிழும் அந்த ஒன்றரை விநாடியில் ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. செய்ய வேண்டியவை யாவும் அதற்குப் பல நாள்கள் முன்னரே, கடை மேசைமுன் நின்றவரின் ஒரு கேள்வியில் முடிந்துவிட்டிருக்க வேண்டும். “எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு இருக்கிறதா?” என்பதோடு “அதன் தலையில் என்ன எழுதியிருக்கிறது?” என்றும் அவர் கேட்கப் பழகிவிட்டால், தலையெழுத்தை நொந்துகொள்ளும் குடும்பங்கள் சிலவேனும் குறையும்.